பழகச் சொல்லும் முன் சரிசெய்து தாருங்கள்

அலுவலகக் கணினிகளை விண்டோஸ் 11க்கு மாற்றத் தீர்மானித்த அதிகாரிகளுக்கு,

"புதிய சிஸ்டம் அப்படித்தான் இருக்கும். பழகிக்கொள்ளுங்கள். தனியான பயிற்சி தேவையில்லை." கணினிகள் மாறிய நாளிலிருந்து வந்த முறைப்பாடுகள் அத்தனைக்கும் நீங்கள் தந்த பதில் இதுதான். இந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. எந்த அலுவலகம், எந்தக் கிளை என்று இங்கே எழுதவில்லை. இது யாருக்கு எழுதப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதுகிற நாங்கள் திருகோணமலையில் கணினி திருத்துபவர்கள், தமிழ்த் தட்டச்சுச் செய்பவர்கள்.

மாற்றமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2015 ஜூலை 29ஆம் திகதி வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டன. மக்களின் அடையாள அட்டை இலக்கமும் காணி விபரமும் வங்கிக் கணக்கு இலக்கமும் கிடக்கும் கணினியை அதன் பிறகும் அப்படியே இணையத்தில் விட்டுவைக்கக் கூடாது. மாற்றியது சரி. மாற்றிய விதம்தான் பிழை.

"பழகிக்கொள்ளுங்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் நீங்கள் இரண்டு வேறு விடயங்களைப் போட்டுக் கலந்துவிட்டீர்கள். ஒன்று, இடம் மாறிய பொத்தான். அது பழக்கம். ஒரு கிழமையில் கை பிடித்துக்கொள்ளும். மற்றது, பிழையாக அமைத்து மேசையில் வைக்கப்பட்ட கணினி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இல்லாத கணினிக்கு எவராலும் பழக முடியாது. நாளையும் மாதத்தையும் மாற்றி வாசிக்கும் எக்செல்லுக்கு ஒருவர் பழகிவிட்டார் என்றால் அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் பிழை அவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். முதலாவது வகைக்கு இரண்டு மணித்தியாலப் பயிற்சி போதும். இரண்டாவது வகைக்குக் கணினியைக் கொண்டுவந்து வைத்தவர்தான் பொறுப்பு, அதன் முன் உட்கார்ந்திருக்கும் முகாமைத்துவ உதவியாளர் அல்ல.

பழகக்கூடியவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஸ்டார்ட் பொத்தான் திரையின் இடது மூலையிலிருந்து நடுப்பக்கம் நகர்ந்திருக்கிறது. செட்டிங்ஸ், பேர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்று போய் அலைன்மென்ட்டை லெப்ட் என மாற்றினால் பழைய மூலைக்கே வந்துவிடும். ஒரு நிமிட வேலை. அதே பக்கத்தில் "கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ்" என்று ஒரு தெரிவு இருக்கிறது. மூன்று கடிதங்கள் திறந்திருந்தாலும் இப்போது ஒரேயொரு வேர்ட் சின்னம்தான் தெரிகிறது. எது எந்தக் கடிதம் என்று பார்க்க ஒவ்வொரு முறையும் சுட்டியைக் கொண்டுபோய் அதன் மேல் நிறுத்த வேண்டும். அந்தத் தெரிவை "நெவர்" என்று வைத்தால் ஒவ்வொரு கடிதமும் தன் பெயரோடு தனியாக நிற்கும். 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது இந்த வசதி இருக்கவில்லை. பலர் கேட்டு, 2023இன் பிற்பகுதியில்தான் திரும்பி வந்தது. அதாவது உலகம் முழுவதும் பழக மறுத்து, கேட்டுப் பெற்ற ஒன்று இது. இங்கே மட்டும் ஏன் அதைப் போட்டுத் தராமல் விட்டீர்கள்?

பைலின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியல் சுருங்கிவிட்டது. கட், கொப்பி, ரீநேம், டிலீட் எல்லாம் சிறு படங்களாகிவிட்டன. பிந்திய பதிப்புகளில் படத்தோடு பெயரும் வருகிறது, ஆனால் எல்லாக் கணினியிலும் அந்தப் பதிப்பு இல்லை. பழைய முழுப் பட்டியல் வேண்டுமென்றால் "ஷோ மோர் ஒப்ஷன்ஸ்" என்பதை அழுத்தலாம், அல்லது பைலைத் தெரிவுசெய்து ஷிப்ட் விசையோடு எப்10 விசையை அழுத்தலாம். பைல் எக்ஸ்ப்ளோரர் இப்போது "ஹோம்" என்ற பக்கத்தோடு திறந்து, கடைசியாகப் பார்த்த பைல்களின் பெயர்களை வரிசையாகக் காட்டுகிறது. ஒரே கணக்கை இரண்டு பேர் பாவிக்கும் மேசையில், பொதுமகன் ஒருவர் முன்னால் நிற்கும்போது இன்னொருவரின் பைல் பெயர் திரையில் விரிவது சரியல்ல. மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, ஒப்ஷன்ஸில் "திஸ் பீசி" எனத் தெரிவுசெய்தால் அது நிற்கும். அதே பெட்டியில் கீழே பிரைவசி என்ற பகுதியில் அண்மைய பைல்களைக் காட்டும் அடையாளங்களையும் எடுத்துவிட வேண்டும். ஓய்வுபெற நாலைந்து வருடம் இருக்கும் உத்தியோகத்தர்களுக்குப் பெரிய சிரமம் ஸ்குரோல்பார்தான். அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடாகி, சுட்டி பக்கத்தில் போனால்தான் தடிக்கிறது. அக்சஸிபிலிட்டி, விஷுவல் எபெக்ட்ஸ் என்று போய் "ஆல்வேஸ் ஷோ ஸ்குரோல்பார்ஸ்" என்பதைப் போட்டுவிட்டால் எப்போதும் தெரியும். எழுத்தின் அளவையும் அதே அக்சஸிபிலிட்டியில் கூட்டலாம்.

இவ்வளவும் சேர்த்து ஒரு கணினிக்குப் பத்து நிமிடம்.

இனிப் பழக முடியாதவை. எழுத்துருவிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் அதிக வேலை நின்றுபோனது அங்கேதான்.

எங்கள் அலுவலகங்களில் பல வருடக் கடிதங்கள், படிவ மாதிரிகள், பெயர்ப் பட்டியல்கள் பாமினியில் இருக்கின்றன. பாமினி யூனிகோட் அல்ல, அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறையில் அமைந்தது அல்ல. அதில் "தமிழ்" என்று தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் அந்த ஆங்கில எழுத்துகளே நிற்கும். காற்புள்ளி விசையில் "இ" இருப்பதால் "இலங்கை" ஒரு காற்புள்ளியோடு தொடங்கும். புதிய கணினியில் பைலைத் திறந்தவர்கள் "பைல் பழுதாகிவிட்டது" என்று சொன்னது இதனால்தான். பைலில் ஒரு பழுதும் இல்லை. சிலர் அதைச் சரிசெய்யப் போய் ஆங்கில எழுத்துகளை அழித்துவிட்டுச் சேமித்தும் விட்டார்கள். அது திரும்பி வராது.

அடுத்தது, எழுத்துருவைப் போட்ட இடங்களிலும் அரைகுறையாகவே போட்டிருக்கிறார்கள். எழுத்துரு பைலின் மேல் "இன்ஸ்டோல்" என்று மட்டும் அழுத்தினால் அது அந்தப் பயனர் கணக்குக்கு மட்டுமே போகும். தொழினுட்பவியலாளர் தன் கணக்கில் போட்டுப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அடுத்த நாள் காலை உத்தியோகத்தர் தன் கணக்கில் வந்தால் பாமினி இருக்காது. "இன்ஸ்டோல் போர் ஓல் யூசர்ஸ்" என்பதைத்தான் அழுத்த வேண்டும். பல கணினிகளில் அது நேரே தெரிவதில்லை, "ஷோ மோர் ஒப்ஷன்ஸ்" என்ற அந்த மறைந்த பட்டியலுக்குள் இருக்கிறது. நிர்வாகிக் கடவுச்சொல்லும் வேண்டும். கடவுச்சொல் உங்களிடம், வேலை எங்கள் மேசையில்.

யூனிகோட்டில் எழுதியவையும் தப்பவில்லை. பழைய விண்டோஸில் தமிழுக்கு லதா எழுத்துருவும் சிங்களத்துக்கு இஸ்கோல போத எழுத்துருவும் கூடவே வந்தன. விண்டோஸ் 10இலும் 11இலும் அவை தனியாகச் சேர்க்க வேண்டிய துணை எழுத்துருக்கள். விண்டோஸ் 7 காலத்திலிருந்து தொடர்ந்து பாவித்த கணினிகளில் அவை இருந்தன, புதியவற்றில் இல்லை. லதாவில் அமைத்த படிவத்தைத் திறந்தால் விண்டோஸ் அதன் இடத்தில் தன்னிடமுள்ள நிர்மலா எழுத்துருவைப் போடும். எழுத்து தெரியும், ஆனால் எழுத்தின் அகலம் வேறு என்பதால் வரி வேறு இடத்தில் முறியும், அட்டவணைக் கட்டம் நீளும், ஒரு பக்கப் படிவத்தின் கையொப்ப வரி மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போகும். செட்டிங்ஸில் "ஒப்ஷனல் பீச்சர்ஸ்" என்ற பகுதி இருக்கிறது. பதிப்பைப் பொறுத்து அது அப்ஸுக்குள் அல்லது சிஸ்டத்துக்குள் வரும். அங்கே "தமிழ் சப்ளிமென்டல் பொன்ட்ஸ்" என்பதையும் அதேபோல் சிங்களத்துக்கானதையும் சேர்க்க வேண்டும். தமிழை மொழியாகச் சேர்த்தால் இது தானாகவே இறங்கும் என்பது உண்மை. ஆனால் இணையம் இருந்தால்தான் இறங்கும். வேகமில்லாத டொங்கிள் இணைப்பில் ஓடும் தூரத்து அலுவலகங்களுக்கு, பெட்டியைப் பிரிக்கும் இடத்திலேயே, நல்ல இணைப்பு இருக்கும்போதே இதைச் செய்து அனுப்பியிருக்க வேண்டும்.

விசைப்பலகைக்கு வருவோம். விண்டோஸ் தன்னோடு தருகிற தமிழ் விசைப்பலகைகள் தமிழ் 99, அஞ்சல், ஒலிப்பு முறை, இன்ஸ்கிரிப்ட் என்பவை. இலங்கையில் தட்டச்சு இயந்திரத்தில் பழகி, அதன் வழியாகப் பாமினிக்கு வந்தவர்களின் விரல் இவற்றில் எதற்கும் ஒத்துவராது. கடிதத்தைக் கண்ணால் பார்த்தபடி, விசையைப் பார்க்காமல் அடிப்பவர்கள் இவர்கள். இவர்களுக்குத் தமிழ் 99ஐ வைத்துவிட்டுப் பழகச் சொன்னால், சரளமாக அடித்தவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவார். பாமினி அமைப்பிலேயே அடித்து யூனிகோட்டாகப் பெறும் வழி இருக்கிறது. இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் பல வருடங்களாக அதைச் செய்கின்றன. ஆனால் சாதாரணப் பயனர் கணக்கில் அதை நிறுவ முடியாது. புதிதாகச் சேர்ந்த இளைய உத்தியோகத்தர்களுக்கு ஒலிப்பு முறையோ தமிழ் 99ஓ இலகு என்றால் அவர்களுக்கு அதை வையுங்கள். ஆளைக் கேட்டு வையுங்கள், அவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

இதோடு சேர்ந்த ஒரு சிறு அமைப்பு, தெரிந்தால் நாளுக்கு நூறு தடவை எரிச்சல் குறையும். விண்டோஸ் தொடக்கத்தில் எல்லா ஜன்னல்களுக்கும் ஒரே மொழியை வைத்திருக்கும். வேர்டில் தமிழில் அடித்துவிட்டு எக்செல்லுக்குப் போனால் அங்கும் தமிழ்தான் வரும். அங்கே ஆங்கிலத்துக்கு மாற்றினால் திரும்பி வந்ததும் கடிதத்தில் ஆங்கிலம். டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ் என்று போய், ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி மொழியை அனுமதிக்கும் கட்டத்தில் அடையாளம் இட்டால் வேர்ட் தமிழிலும் எக்செல் ஆங்கிலத்திலும் தனித்தனியே நிற்கும். மொழி மாற்ற விண்டோஸ் விசையோடு இடைவெளி விசை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்றும் ஓடும் இந்த மாவட்டத்தில் இதைவிடப் பயனுள்ள ஒரு தெரிவு இருக்குமா தெரியவில்லை.

1988இல் வந்த 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. அப்படியிருக்க, தமிழில் அடிக்க ஆயத்தமில்லாத ஒரு கணினியை முழுமையான கணினி என்று கணக்கில் எடுத்துப் பொறுப்பேற்றிருக்கக் கூடாது.

திகதிப் பிழை எல்லாவற்றிலும் மோசமானது, ஏனென்றால் அது சத்தமில்லாமல் நடக்கிறது. வந்த கணினிகள் பலவற்றில் பிரதேச அமைப்பு ஐக்கிய அமெரிக்காவாக இருந்தது. அந்த அமைப்பில் 05/07/2025 என்று அடித்தால் எக்செல் அதை மே 7 என்று எடுத்துக்கொள்ளும். அடித்தவர் நினைத்தது ஜூலை 5. நாள் 12ஐத் தாண்டினால், உதாரணமாக 25/07/2025 என்றால், அதைத் திகதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். ஆக, ஒரே நிரலில் ஒரு பகுதி மாதம் மாறிய திகதிகள், மறு பகுதி திகதியே அல்லாதவை. வரிசைப்படுத்தினால் எல்லாம் குழம்பும், வயதைக் கணக்கிட்டால் பிழை வரும். அடையாளம் காண ஒரு வழி: நிரலின் அமைப்பை எவரும் மாற்றாதிருந்தால், உண்மைத் திகதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிவிட்டது இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் ஒட்டியவை ஒரு நிரலில் இருந்தால், வலப்பக்கம் நிற்பவற்றையும் நம்பக் கூடாது, அவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும்.

டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று போய், ரீஜனல் போர்மட்டை ஐக்கிய இராச்சிய ஆங்கிலம் என மாற்ற வேண்டும். அது அந்த ஒரு கணக்குக்கு மட்டும். கொன்ட்ரோல் பனலில் ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், கொப்பி செட்டிங்ஸ் என்று போய், புதிய பயனர் கணக்குகளுக்கும் பிரதி செய்யும் கட்டத்தில் அடையாளம் இட்டால்தான் இனி உருவாக்கும் கணக்குகளுக்கும் அதே அமைப்பு வரும். அமைப்பை மாற்றினால் ஏற்கெனவே பிழையாகப் பதிந்தவை தானாகத் திருந்தாது. அவற்றை மூலப் படிவத்தோடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும். இடைக்காலத்தில் 2025-07-05 என்று ஆண்டை முதலில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். எந்தப் பிரதேச அமைப்பிலும் எக்செல் அதைச் சரியாகவே வாசிக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வெருகலிலிருந்து மூதூர், கிண்ணியா தாண்டி நகரத்துக்கு வரும் ஒருவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார். பிறந்த திகதியில் மாதம் மாறிய ஒரு கடிதம் அவர் கைக்குப் போனால் இன்னொரு நாள் கூலியும் போகும்.

தாள் அளவும் இதே பிரதேச அமைப்பின் பிள்ளைதான். ஐக்கிய அமெரிக்க அமைப்பில் வேர்ட் புதிய கடிதத்தை லெட்டர் அளவில் திறக்கும். லெட்டர் 216க்கு 279 மில்லிமீற்றர். எங்கள் ஏ4 210க்கு 297. உயரத்தில் 18 மில்லிமீற்றர் வித்தியாசம். பிரிண்டரில் இருப்பது ஏ4, கேட்பது லெட்டர். பிரிண்டர் தாள் கேட்டு நின்றுவிடும், உத்தியோகத்தர் பிரிண்டர் பழுது என்று எங்களைக் கூப்பிடுவார். ரீஜனை மாற்றினாலும் வேர்ட் தன் பழைய மாதிரியை வைத்திருக்கும். லேஅவுட், சைஸ், மோர் பேப்பர் சைசஸ் என்று போய் ஏ4ஐத் தெரிந்து "செட் அஸ் டிபோல்ட்" கொடுக்க வேண்டும். பிரிண்டரின் பிரிண்டிங் பிரிபரன்சஸிலும் ஏ4 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரிண்டர் பற்றி இன்னும் இரண்டு. "லெட் விண்டோஸ் மனேஜ் மை டிபோல்ட் பிரிண்டர்" என்ற தெரிவு போட்டபடியே வந்தால், கடைசியாகப் பாவித்த பிரிண்டரே அடுத்த முறைக்கும் முதன்மையாகிவிடும். பற்றுச்சீட்டுக்கு டொட் மெட்ரிக்ஸ், கடிதத்துக்கு லேசர் என்று இரண்டு இருக்கும் அறையில் கடிதம் பற்றுச்சீட்டுத் தாளில் போய் விழும். அதை அணைத்துவிட வேண்டும். மற்றது, டொட் மெட்ரிக்ஸுக்கென்று உருவாக்கிய தனித் தாள் அளவுகள் பிரிண்டருக்குள் இருக்கவில்லை, பழைய கணினியில் இருந்தன. கணினியை எடுத்துப் போனபோது அவையும் போயின. புதிய கணினியில் பிரிண்ட் சேர்வர் புரொப்பர்ட்டீஸில் அந்த அளவுகளை மறுபடி உருவாக்க வேண்டும். பழைய பற்றுச்சீட்டு ஒன்றை அடிமட்டத்தால் அளந்தால் போதும்.

அடுத்து நாங்கள் சொல்வதை இன்றே கவனியுங்கள். மற்றவை தாமதத்தைத் தரும், இது தரவையே இல்லாமலாக்கும். விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்போடு வரும் புதிய கணினியில் மைக்ரோசொப்ட் கணக்கால் முதன்முதலில் உள்நுழையும்போது, தகுதியான கணினி என்றால், வன்தட்டு தானாகவே மறைகுறியாக்கப்படும். பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புத் திறவுகோல், எந்தக் கணக்கால் உள்நுழைந்தார்களோ அந்தக் கணக்கில் போய்ச் சேமிக்கப்படும். கணினியை அமைக்க வந்தவர் அவசரத்தில் தன் சொந்த மின்னஞ்சலைப் போட்டிருந்தால் திறவுகோல் அவரிடம். பின்னர் மதர்போர்ட் மாறினாலோ பயோஸ் அமைப்பு மாறினாலோ கணினி நீலத் திரையில் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு பைலையும் எந்தத் திருத்துநராலும் எடுக்க முடியாது. உப்புக் காற்றில் போர்ட் துருப்பிடிப்பதும், மாரியில் இடி விழுந்து போர்ட் எரிவதும் இந்த ஊரில் அபூர்வமல்ல. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய் ஒவ்வொரு கணினியிலும் அது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் திறவுகோலைத் தாளில் அச்சிட்டு, கணினியின் தொடரிலக்கத்தை மேலே எழுதி, பணப்பெட்டகத்தில் வையுங்கள்.

அதே மைக்ரோசொப்ட் கணக்கு வழியாக ஒன்ட்ரைவ் என்ற இணையச் சேமிப்பிடமும் வந்துவிடுகிறது. டெஸ்க்டொப்பையும் டொக்யுமென்ட்ஸையும் அது தன் போல்டருக்குள் எடுத்துக்கொண்டு இணையத்துக்கு அனுப்பத் தொடங்கும். இலவச இடம் 5 ஜிபி. ஸ்கான் செய்த ஆவணங்கள் உள்ள மேசையில் அது விரைவில் நிரம்பும். நிரம்பிய பிறகு புதியவை மேலே போகாது, ஆனால் உத்தியோகத்தர் எல்லாம் பிரதியாகிறது என்று நம்பியிருப்பார். மாத அளவு வைத்த டொங்கிளில் அந்த அளவும் முடிந்துவிடும். மக்களின் ஆவணங்கள் ஒரு தனியாளின் இணையக் கணக்கில் கிடப்பது பற்றி நாங்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

இற்றைப்படுத்தல்கள் பற்றிச் சுருக்கமாக. மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தம் அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் காலை வெளிவரும். எங்களுக்கு அது இரவு, ஆக மேசைக்கு வருவது புதன். அலுவலகம் 4.15க்கு முடியும்போது கணினி "அப்டேட் அண்ட் ஷட் டவுன்" என்று நிற்கும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் ஆளியை நிறுத்திவிட்டுப் போவார், அல்லது கரண்ட் போகும். பாதியில் நின்ற இற்றைப்படுத்தல் மறுநாள் காலை நீண்ட நேரத்தைத் தின்னும், சில வேளை கணினி எழும்பவே எழும்பாது. கணினி தானாக மறுதொடக்கம் செய்யாத நேரமான அக்டிவ் அவர்ஸை 8இலிருந்து 5 வரை வைத்து, இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த வியாழனை அலுவலகத்துக்கான இற்றைப்படுத்தல் நாளாக்கி, மதிய இடைவேளையில், யூபிஎஸ் உள்ள மேசைகளில் செய்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. மின்கலம் செத்த யூபிஎஸ்களை மாற்ற வேண்டும்.

புதிய கணினி கிடைக்காத கிளைகளில், பழைய பெட்டியிலேயே, கணினி தகுதியானதா என்று பார்க்கும் சோதனையைத் தாண்டும் வழியால் விண்டோஸ் 11ஐ ஏற்றியிருக்கிறார்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, கணினி தொடங்கும்போதே பாதுகாப்பைச் சோதிக்கும் செக்கியூர் பூட், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர், 4 ஜிபி ரம் (நினைவகம்), 64 ஜிபி இடம் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். இவை இல்லாத கணினிக்கு எதிர்காலத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. பாதுகாப்புக்காக மாற்றிவிட்டு, பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லாத ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். தகுதியான கணினியிலும் 4 ஜிபி ரம்மும் சுழலும் வன்தட்டும் என்றால் வேர்ட் திறக்கும்வரை தேநீர் ஆறிவிடும். 8 ஜிபி ரம்மும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டால் அதே கணினி நன்றாக ஓடும்.

எனவே நாங்கள் கேட்பவை இவை.

மீட்புத் திறவுகோல்களை இந்தக் கிழமைக்குள் எல்லாக் கணினிகளிலும் சரிபார்த்து, அச்சிட்டு, பெட்டகத்தில் வைத்ததை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். தனியாளின் கணக்கால் அமைத்த கணினிகளை அலுவலகத்துக்கான கணக்குக்கு மாற்றுங்கள், ஒன்ட்ரைவை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் பைல்கள் கணினியிலேயே இருப்பதை உறுதிசெய்யுங்கள். இணையச் சேமிப்பிடத்தில் மட்டும் இருக்கும் பைல் நிறுத்தியதும் கணினியில் திறக்காது.

பாமினி, லதா, இஸ்கோல போத, சிங்களத்துக்கான எப்எம் அபய ஆகிய எழுத்துருக்கள் எல்லாப் பயனருக்கும், பிரதேச அமைப்பு, ஏ4, முதன்மைப் பிரிண்டர், உத்தியோகத்தர் கேட்ட விசைப்பலகை என்று ஒரு சரிபார்ப்புப் படிவம் தயாரித்து, ஒவ்வொரு கணினிக்கும் அதை நிரப்பி, மேசையில் இருப்பவரின் கையொப்பத்தோடு பொறுப்பேற்க வேண்டும். கையொப்பம் இல்லாமல் வழங்குநருக்குக் கொடுப்பனவு போகக் கூடாது. இனி வாங்குவது புரோ பதிப்பாக இருக்கட்டும். ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பில் காட்சி மொழியைத் தமிழுக்கு மாற்றவே முடியாது.

கணினி மாறிய நாளிலிருந்து எக்செல்லில் பதிந்த திகதிகள் எல்லாவற்றையும் மூலப் படிவத்தோடு ஒப்பிட மேலதிக நேரக் கொடுப்பனவோடு ஆட்களை ஒதுக்குங்கள். அதுவரை அந்தப் பதிவுகளிலிருந்து கடிதம் வழங்க வேண்டாம்.

பயிற்சி இரண்டு மணித்தியாலம், எட்டுப் பேருக்கு மேற்படாத குழுவாக, தமிழிலும் சிங்களத்திலும், அவரவர் மேசைக் கணினியிலேயே நடக்க வேண்டும். மண்டபத்தில் புரொஜெக்டர் போட்டு நூறு பேருக்குக் காட்டுவது பயிற்சி அல்ல. நகரத்துக்கு வரச் சொல்லாமல் குச்சவெளிக்கும் வெருகலுக்கும் பயிற்சியாளர் போக வேண்டும். பாடக் குறிப்பைத் தமிழில் எழுதித் தர நாங்கள் தயார், கட்டணம் வேண்டாம்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவரிடம் எழுத்துரு, விசைப்பலகை, பிரிண்டர் ஆகிய மூன்றையும் நிறுவும் அனுமதியைப் பொறுப்போடு ஒப்படையுங்கள்.

பழைய கணினிகளை இன்னும் ஏலத்துக்கு அனுப்ப வேண்டாம். அவற்றில்தான் தாள் அளவுகளும், எவரும் பிரதி எடுக்காத பாமினிப் பைல்களும் இருக்கின்றன. ஆறு மாதம் இணைய இணைப்பு இல்லாமல் ஓர் அறையில் பூட்டி வையுங்கள், கேட்பவருக்குத் திறந்து கொடுங்கள்.

இவற்றில் எது எப்போது செய்யப்படும், எது செய்யப்படாது, ஏன் என்பதை 14 நாட்களுக்குள் தமிழில் எழுதி, அலுவலக அறிவித்தல் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையில் கணினி திருத்துபவர்களும் தமிழ்த் தட்டச்சாளர்களும்